வார் படுற எடம்

அந்தப் பையக் கழத்தி மடியில வச்சுக்கிடுங்கம்மா. உக்காந்த பெறகும் எதுக்கு அத மாட்டிக்கிட்டு? கோவிச்சுக்கிடாதீங்க. தெரியாத மனுசன் பஸ்ல ஏறுனதும் ஏறாததுமா புத்தி சொல்லுதானேன்னு நினைக்காதீங்க. உங்க மொகத்தப் பாக்கதுக்கு முன்ன நான் பையத்தான் பாத்தேன். ஒத்த வார் பை. வலது தோள்ல கெடந்து இடது இடுப்புக்கு எறங்குது. உள்ள கேமரா ஒண்ணு, நீள லென்ஸ் ஒண்ணு, சின்னது ஒண்ணு. சரிதானா? தொங்குற தொங்கலப் பாத்தாலே தெரிஞ்சிரும். இருவத்தெட்டு வருசம் இந்தத் தொழில்ல கெடந்தவன் நான். சுரண்டையில மேகலா ஸ்டூடியோன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். சொல்லும்னா, போன வருசம் வரைக்கும்.

பறவை படம் எடுக்க வந்தீங்களா? குளத்துக்கு? நல்லதும்மா. பறவைக்கு நலுங்கு கெடையாது, தாலிகட்டு கெடையாது. 'ஏ போட்டோக்காரரே, எங்க அத்தைய ஒரு படங்கூட எடுக்கலியே'ன்னு ஆல்பத்தத் தூக்கிக்கிட்டு சண்டைக்கும் வராது.

எத்தன வருசமா மாட்டுதீங்க இத? மூணு வருசமா. வலிக்கா? தோள் மேல. ஆமா, அது எல்லாத்துக்கும் உள்ளதுதான். கீழ? வார் படுற எடத்துல? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல, மதுரை வரைக்கும் நேரங் கெடக்கு.

இல்லையா. சரி. மூணு வருசந்தானே ஆவுது.

எதுக்குக் கேக்கேன்னா, நான் மதுரைக்கு எம் மகளப் பாக்கப் போறேன். மேகலா. அவா பேர்லதான் ஸ்டூடியோ. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா, லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி. எங்கிட்டப் பேசி ஒண்ணரை வருசம் ஆச்சு. அவங்க அம்மா செத்ததுக்கு நாந்தான் காரணம்ங்கா. நான் பைதான் காரணம்ங்கேன். இதான் எங்களுக்குள்ள உள்ள வழக்கு. நேத்து அவளே ஃபோன் பண்ணி வாங்கன்னு கூப்பிட்டிருக்கா. எதுக்குக் கூப்பிட்டாங்கத பெறகு சொல்லுதேன். போற வழியில, இந்தப் பை மாட்டுன ஆளு ஒருத்தரு, அதுவும் பொம்பளப் பிள்ளை, 'ஆமா அண்ணாச்சி, எனக்கும் அந்த எடத்துல வலிக்கத்தான் செய்யும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு எவ்வளவோ தெம்பா இருக்கும். அதுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்.

எம் வீட்டுக்காரி பேரு உலகம்மாள். கல்யாணம் ஆகி வரும்போது கேமராவுக்கு எது முன்பக்கம் எது பின்பக்கம்னு தெரியாது. நாந்தான் எல்லாஞ் சொல்லிக் குடுத்தேன். மேகலா பெரிய கிளாஸ் போன பெறகு, வீட்ல சும்மா இருக்கதுக்குக் கூட வாயேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். போனா, எனக்கு மேல ஆயிட்டா. சடங்கு வீட்ல, பொண்ணு சோடிக்கிற ரூம்ல எல்லாம் ஆம்பளை போயி நிக்க முடியாதுல்லா? இவா உள்ள போயி, அந்தப் பிள்ளையளோட கதை பேசிக்கிட்டே எடுப்பா. எல்லாம் பல்லு தெரியச் சிரிச்சிருக்கும். நான் எடுத்த படத்துல பொண்ணு மொறைச்சிக்கிட்டு நிக்கும். கடைசியில, 'அண்ணாச்சி, நீங்க வராட்டாலும் பரவால்ல, அக்காவ அனுப்பிருங்க'ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல பெருமைதான். கொஞ்சம் எரிச்சலும் உண்டு, இல்லன்னு சொல்லல.

அந்தப் பைய நாந்தான் வாங்கிக் குடுத்தேன். முதுகுல ரெண்டு வார் போட்டு மாட்டுற பை இருக்குல்லா, அதுல ஒரு லென்ஸ் எடுக்கணும்னா கழத்திக் கீழ வச்சுத் தொறக்கணும். அதுக்குள்ள அய்யரு தாலிய எடுத்துக் குடுத்துருவாரு. ஒத்த வார்னா அப்படியில்ல. மாட்டுனபடியே ஒரு சுத்து, பை நெஞ்சுக்கு முன்ன வந்து நிக்கும். எடுத்தமா, மாத்துனமா, மறுபடி முதுகுக்குத் தள்ளுனமான்னு இருக்கும். அவா அந்தச் சுத்த ஒத்தக் கையால சுத்துவா பாத்துக்கிடுங்க, சேலை மடிப்புக் கலையாம. மண்டபத்துல அவளுக்குப் பைக்காரின்னே பேரு. எங்கிட்ட வந்து, 'பைக்காரி எங்க அண்ணாச்சி'ன்னு கேப்பாங்க.

மூணு வருசம் ஒண்ணுமில்ல. நாலாவது வருசம் ஒரு நாள், வைகாசி மாசம், சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னா. 'ஏங்க, வார் படுற எடத்துல என்னமோ வலிக்கு'ன்னா. வார் படுற எடம். அப்படித்தான் சொன்னா. எங்க வீட்ல ஒடம்பப் பத்திப் பேசுற பழக்கம் கெடையாது. கால் வலி, தலை வலி, அதோட சரி. மத்ததுக்கெல்லாம் பேரு கெடையாது. நானும் வேற எதையும் கேக்கல. வார் படுற எடம்னா வார்தானே காரணம்? வண்டி சீட்டுப் பஞ்சுல ஒரு துண்டு வெட்டி, ரெக்சின் தச்சு, வாருக்கு அடியில வச்சுக் குடுத்தேன். நானே ஊசி புடிச்சுத் தச்சேன். எந்த வீட்டுக்காரன் செய்வான்?

அதுக்குப் பெறகு அதுக்கு 'வார் வலி'ன்னே பேரு வந்துட்டு எங்களுக்குள்ள. வார் வலி எப்படி இருக்குன்னு கேப்பேன். இருக்குங்கன்னு சொல்லுவா. மாத்திப் போடு, இடது தோள்ல போட்டு வலது பக்கம் எறக்குன்னு சொன்னேன். மாத்திப் போட்டா. மாத்திச் சுத்தப் பழக அவளுக்கு ரெண்டு கல்யாணம் ஆச்சு. வலி மட்டும் மாறல, பழைய பக்கத்துலயே இருந்துச்சு. ஒரு எடத்துல பழகுன வலி லேசுல எடம் மாறாதுட்டின்னு சொன்னேன். ஆடி மாசம் கல்யாணம் கெடையாது, மாசம் முச்சூடும் பை ஆணியில சும்மா தொங்குச்சு. ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துக்கு எடுத்து மாட்டும்போது கேட்டேன், 'ஒரு மாசம் ரெஸ்ட்டு, கொறைஞ்சிருக்குமே?'ன்னு. அவா சிரிச்சா. நான் கொறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

டாக்டர்ட்ட கூட்டிக்கிட்டுப் போகலன்னு மேகலா சொல்லுவா, நம்பாதீங்க. நம்ம ஊர்லயே ஒரு டாக்டரு, வயசான மனுசன், கைராசிக்காரரு. ஆவணி முகூர்த்த நேரத்துல கடையச் சாத்திட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன். போயி எல்லாத்தையும் நானே வெவரமாச் சொன்னேன். பை என்ன எடை, வார் என்ன அகலம், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் மாட்டுதா, முன்ன எந்தத் தோளு, இப்ப எந்தத் தோளு, எல்லாம். டாக்டரே சிரிச்சுட்டாரு. 'அண்ணாச்சி, நீங்க பையக் காட்ட வந்தீங்களா, சம்சாரத்தக் காட்ட வந்தீங்களா'ன்னாரு. பெறகு அவா பக்கம் திரும்பி, 'வேற எங்கயும் தொந்தரவு உண்டாம்மா'ன்னு கேட்டாரு. அவா எம் மொகத்தப் பாத்தா. நான், 'இல்ல சார்'னேன்.

கூச்சப்படுவாளேன்னு சொன்னேன்மா. ஆம்பளை டாக்டருக்கு முன்ன உக்காந்து அவா என்னத்தச் சொல்லுவா? அவளுக்கு அந்தச் சங்கடம் இருக்கக் கூடாதுன்னு நான் முந்திக்கிட்டேன். அது ஒரு தப்பா? டாக்டரு தைலம் எழுதிக் குடுத்தாரு, ரெண்டு வாரம் பை மாட்டக் கூடாதுன்னாரு. நான் சொன்ன வலிக்கு அவரு மருந்து குடுத்தாரு. அவர் மேல ஒரு குத்தமும் இல்ல.

ரெண்டு வாரம் நாந்தான் மாட்டுனேன் அந்தப் பைய. எனக்கும் தோள்ல வலிச்சுச்சு. பாத்தியா, எனக்கும்தான் வலிக்குன்னு சொன்னேன்.

இன்னொண்ணு இருக்கு. அத உங்ககிட்டச் சொல்லலாமான்னு தெரியல, மக வயசு உங்களுக்கு. நீங்க சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே கேளுங்க. ஒரு நாள் மத்தியானம், ஸ்டூடியோவுல கூட்டமில்ல. நான் ஆல்பம் ஒட்டிக்கிட்டு இருக்கேன். இவா பக்கத்துல வந்து நின்னா. என் கையப் புடிச்சு, 'ஏங்க, இங்க வச்சுப் பாருங்க'ன்னு கொண்டு போனா. நான் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். 'என்னளா இது, பட்டப்பகல்ல, கடையில! வயசு அம்பது ஆகப் போவுது'ன்னு சிரிச்சேன். வெளையாடுதான்னு நினைச்சேன்மா. கல்யாணம் ஆன புதுசுல அப்படி வெளையாடுவா. அவளும் சிரிச்சிக்கிட்டுத்தான் போனா. போயி டீ போட்டுக் கொண்டாந்து வச்சா. அதுக்குப் பெறகு அவா கைய நீட்டல.

நான் கைய வச்சிருந்தாலும் எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும், நான் என்ன டாக்டரா?

சங்கரன்கோவில் வந்துட்டு. கூட்டம் ஏறும், பையத் தள்ளி வச்சுக்கிடுங்க.

கடைசியில யாரு கண்டுபுடிச்சாங்கத கேளுங்க. தை மாசம் பாவூர்சத்திரத்துல ஒரு கல்யாணம். இவா பொண்ணு ரூம்ல உள்ள. நான் வெளிய நின்னு, நேரமாச்சு, பொண்ணக் கூட்டிட்டு வாங்கன்னு கதவத் தட்டிக்கிட்டு இருக்கேன். தொறக்கல. அஞ்சு நிமிசங் கழிச்சுப் பொண்ணோட சித்தி வெளிய வந்துச்சு. அந்தம்மா ஆஸ்பத்திரியில நர்ஸு. இவா கேமராவத் தூக்க முடியாமக் கைய எறக்கி எறக்கி வச்சிருக்கா, அந்தம்மா பாத்துட்டு என்னன்னு கேட்டிருக்கு. மறைப்புக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயித் தொட்டுப் பாத்திருக்கு. எங்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, இது எத்தன மாசமா இருக்கு'ன்னு கேட்டுச்சு. 'அது வார் வலிம்மா, பை மாட்டுறதுல'ன்னேன். அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. 'நாளைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு மட்டுஞ் சொல்லிட்டு உள்ள போயிட்டு.

முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளைட்ட அஞ்சு நிமிசத்துல சொல்லிருக்கா. எங்கிட்ட எட்டு மாசமாச் சொல்லல பாத்துக்கிடுங்க. எனக்கு அதான் ஆத்தாமை. இருவத்தாறு வருசம் கூட இருந்தவன்ட்ட சொல்லாம, யாரோ ஒருத்திட்ட. அன்னைக்கித் தாலிகட்டையும் அவாதான் எடுத்தா. முடியாதுன்னு சொல்லல. நல்ல படம், பொண்ணு வீட்ல பெருசாப் போட்டு மாட்டிருக்காங்க.

திருநெல்வேலியில போனா, பிந்திட்டீங்கன்னுட்டாங்க. கக்கம் வரைக்கும் போயிட்டு, அங்கருந்து எலும்புக்குப் போயிட்டு. அப்பறம் ஒரு ஒம்பது மாசம். முடி போச்சு, மெலிஞ்சு போனா, கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறும். நான் ஒரு நாளும் அவள விட்டு நகரலம்மா. கடையப் பூட்டிச் சாவியக் கையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கெடந்தேன்.

ஒரு நாள் கேட்டேன் அவட்ட. மேகலாவும் பக்கத்துல நிக்கா. 'ஏளா, நான் அந்தச் சவத்துப் பைய உனக்கு வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா இது வந்திருக்காதுல்லா?'ன்னேன். கேட்டுட்டு அழுதுட்டேன். அவா எங் கையத் தடவிக் குடுத்தா. 'ஆமாங்க, பைதான். எல்லாம் அந்தப் பைதான். நீங்க என்ன செய்வீங்க'ன்னா. அவ வாயால சொன்னா! நோவு கண்டவளே சொல்லிட்டா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மேகலா அதக் கேட்டுட்டு சட்டுனு எந்திரிச்சு வெளிய போயிட்டா. எதுக்குப் போனான்னு எனக்கு அன்னைக்கி வெளங்கல.

அதுக்குப் பெறகு பத்துப் பன்னெண்டு நாள்ல அவா போயிட்டா.

பதினாறாம் நாளு விசேசத்துக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. எப்படிப்பா இப்படி ஆச்சுன்னு ஒவ்வொருத்தரும் கேக்கும்போது நான் பைய எடுத்துக் காட்டி, வார இழுத்துக் காட்டி, வெவரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். மேகலா வந்து எங் கையிலருந்து பையப் புடுங்குனா. 'எங்கம்மாவ ஒரு தடவையாவது பேச விட்டீங்களாப்பா'ன்னு கேட்டா. 'அவங்க வலியக்கூட நீங்கதான சொன்னீங்க. கொன்னது பை இல்ல, நீங்க'ன்னா. எங்க சித்தப்பா, பெரியம்மா, அத்தனை பேருக்கும் முன்னால. நான் அவா வாயப் பொத்தினேனாம்மா? பேசாதன்னு சொன்னேனா? ஒரு நாளும் சொன்னதில்ல. அவளுக்கும் சேத்து நான் பேசுனேன், அவளுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு பேசுனேன்.

அன்னைக்கிச் சாயங்காலமே மேகலா பஸ் ஏறிட்டா. நான் மறுநாள் அந்தப் பைய எடுத்துக்கிட்டுத் திருநெல்வேலிக்குப் போனேன், வாங்குன கடைக்கு. கடைக்காரர்ட்ட சத்தம் போட்டேன். இந்த வாரால எம் பொண்டாட்டி செத்துட்டா, இதுக்கு என்ன சொல்லுதீரு, எழுதிக் குடும்னு கேட்டேன். மகள்ட்ட காட்டணும்லா? அந்த மனுசன் என்னைய வையல. நாற்காலி போட்டு உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்தாரு. நான் குடிச்சு முடிக்க வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. 'அண்ணாச்சி, எத்தனையோ பேரு வாங்கிட்டுப் போறாங்க, இப்படி ஒருத்தரும் வந்ததில்ல'ன்னாரு. பைய அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்.

அதுலருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். யாரு இந்த மாதிரி மாட்டிக்கிட்டு வந்தாலும் கேப்பேன். தோள் வலிக்குங்காங்க. கழுத்து வலிக்குங்காங்க. இடுப்பு வலிக்குங்காங்க. அந்த எடத்துல வலிக்குன்னு ஒரு ஆளும் சொல்லல.

நேத்து காலையிலதான் ஃபோன் வந்துச்சு. மேகலான்னு பேரு வந்ததும் எடுத்துக் காதுல வச்சேன். 'அப்பா'ன்னா. ஒண்ணரை வருசங் கழிச்சு அந்தச் சொல்லக் கேக்கேன். நல்லா இருக்கியாட்டின்னு கேக்கதுக்குள்ள சொல்லிட்டா. 'அப்பா, எனக்கு மார்புல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. பயப்படும்படியா இருக்காதுன்னு கூட இருக்க டீச்சர் சொல்லுதாங்க. ஆனாலும் பாத்துரணும். நாளன்னைக்கு பத்து மணிக்கு டாக்டர்ட்ட போறேன்'னா. அந்த வார்த்தையச் சொன்னாம்மா. எங்கிட்ட. அவங்க அம்மாவும் நானும் எங்க ஆயுசுக்கும் எங்களுக்குள்ள சொல்லாத வார்த்தை, தலைவலின்னு சொல்லுத மாதிரி சொல்லிட்டா.

நான் என்ன சொல்லிருக்கணும்? பயப்படாதட்டின்னு சொல்லிருக்கணும். இந்தா கெளம்பி வாரேன்னு சொல்லிருக்கணும். நான் கேட்டேன், 'நீ என்னைக்கிட்டி பை மாட்டுன?'ன்னு.

வச்சுட்டாளோன்னு காதுலருந்து எடுத்துப் பாத்தேன். வைக்கல. அழுதாளான்னும் தெரியல. பெறகு, 'வாங்கப்பா'ன்னா. 'எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வந்து உக்காருங்க. ஆனா டாக்டர்ட்ட நாந்தான் பேசுவேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுக்குச் சரின்னாத்தான் வரணும்'னா. சரின்னேன்.

என்ன கேக்கீங்க? மேகலாவா? இல்லம்மா. அவா கேமராவத் தொட்டதே இல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சோத்து டப்பாவும் பிள்ளையளோட நோட்டும் கொண்டு போவா, அதையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கையிலதான் தூக்கிக்கிட்டுப் போவா. எம் மக தோள்ல எந்தப் பையும் மாட்டுனதில்ல.

நேத்துலருந்து அதத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

தண்ணியா? வேண்டாம். சரி குடுங்க, ஒரு வாய் குடிக்கேன்.

நீங்க எறங்குறது மதுரைதானே? அது வரைக்கும் நான் பேசிக்கிட்டு வந்தா கேட்டுக்கிட்டு வருவீங்களாம்மா? பதில் சொல்லணும்னு இல்ல. நாளைக்கு அந்த டாக்டரு அவளப் பாத்து, 'என்னம்மா செய்யுது'ன்னு கேப்பாரு. அவா வாயத் தொறக்கதுக்கு முன்னால எனக்கு நாக்கு துடிக்கும், எனக்குத் தெரியும். உள்ள கெடக்கத எல்லாம் இன்னைக்கே உங்ககிட்டக் கொட்டித் தீத்துட்டேன்னா, நாளைக்கு அவா பேசும்போது எனக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுல்லா.